கள்ள லோடு ஓட்டும் விண்கலத்துக்கு எதிரிகளை எப்படி அமைப்பது?

கேள்வி இதுதான். கோவையில் நாலு பேர் ஞாயிறுதோறும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதையாட்டம் ஆடுகிறார்கள். ஒருவர் கதை நடத்துகிறார். மற்ற மூவரும் ஒரு பழைய சரக்கு விண்கலத்தில் கோளுக்குக் கோள் அனுமதியில்லாத லோடு ஓட்டுகிறவர்கள். ஆறு வாரமாக வருகிற எதிரியெல்லாம் ஒரே அச்சு: திடீரென்று தோன்றுகிறான், சுடுகிறான், செத்துப்போகிறான். நிலைத்து நிற்கிற போட்டியாளரையும் பகையாளியையும் எப்படி உருவாக்குவது?

சுட வருகிறவனைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். சரக்கு ஓட்டுகிறவனைக் கொன்று லாபம் பார்க்கிற ஆள் ரொம்பக் குறைவு. ஒருத்தனுக்கு லோடு வேண்டும், ஒருத்தனுக்கு வண்டி வேண்டும், ஒருத்தனுக்கு வரவேண்டிய பாக்கி வேண்டும், இன்னொருத்தனுக்கு அவர்கள் ஓட்டுகிற ரூட்டே வேண்டும். எதிரியை எழுத உட்காரும்போது இந்த நாலில் எது என்று முதலில் முடிவு செய்துவிட்டால் அவன் எப்படி வருவான், எப்போது விடுவான், என்ன பேசுவான் என்பதெல்லாம் தானாக வந்துவிடும். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரித் தொழில் தெரிந்தவர் ஒருவரோடு டீக்கடை பெஞ்சில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் விண்வெளிக்கு வேண்டிய எதிரிகள் அத்தனை பேரும் கிடைப்பார்கள். வண்டிக்குச் சக்கரம் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

ஆட்டத்துக்கு முன்னால் ஒரு கணக்கு போட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எதிரிகள் எல்லோரும் இந்தக் கணக்குக்குள்தான் வாழ்கிறார்கள். ஒரு நடைக்கு வாடகை 100 காசு. எரிபொருள் 40, கப்பல் தவணை 25, பழுதும் சாப்பாடும் 15. கையில் நிற்பது 20. லஞ்சம் கேட்கிறவன் 5 கேட்டால் கொடுப்பார்கள், 10 கேட்டால் யோசிப்பார்கள், 20 கேட்டால் துப்பாக்கியைத் தேடுவார்கள். எதிரியின் பலம் இந்த 20 காசைச் சுரண்டுகிற திறமைதான். துப்பாக்கிகளை எண்ணி எதிரியை எடை போடுகிற கதை நடத்துநர் மூன்றாவது வாரத்திலேயே பீரங்கிக்குப் போய்விடுவார். அதற்கு மேல் போக இடம் இருக்காது.

முதலில் சகதொழில்காரன். நிறைய பேர் அலட்சியமாக விடுகிற ஆள் இவன்தான், உண்மையில் வருடக்கணக்கில் ஓடக்கூடியவனும் இவன்தான். லாரியில் போன லோடை விட முக்கியம் ரிட்டர்ன் லோடு. காலியாகத் திரும்பினால் போன லாபம் டீசலிலேயே கரையும். அந்த ரிட்டர்ன் லோடு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, புக்கிங் ஆபீஸ் வாசலில் இரண்டு வண்டி நிற்கிறது. இங்கே பகை தொடங்குகிறது. விண்வெளியிலும் அப்படியே: தூரத்து நிலையம், ஒரே புரோக்கர், இரண்டு கப்பல். போட்டியாளன் வாடகையை 100-லிருந்து 85-க்கு இறக்குவான். அது எப்படி அவனுக்குக் கட்டுபடியாகிறது என்று விளையாடுகிறவர்கள் துருவட்டும். பதில் தயாராக இருக்கட்டும்: அவன் தவணையே கட்டுவதில்லை, அல்லது காற்றுவடிகட்டியை மாற்றாமல் ஓட்டுகிறான், அல்லது சுங்கத்துக்குத் துப்புச் சொல்லி அங்கே ஒரு வருமானம் வைத்திருக்கிறான்.

இந்த மூன்றாவது வழி கற்பனை இல்லை. இந்தியச் சுங்கத் துறையில் துப்புக் கொடுத்தவருக்குப் பறிமுதல் தொகையில் 20 சதவீதம் வரை வெகுமதி உண்டு. ஒரு போட்டியாளனுக்கு இதைவிட இனிப்பான ஆயுதம் ஏது? வாடகையில் 20 காசு சம்பாதிக்க ஒரு நடை முழுக்க ஓட வேண்டும். எதிர்க்கப்பலின் லோடு 500 காசு பெறும் என்றால் ஒரு தகவலில் 100. ரூட்டும் காலியாகும்.

ஆனால் இவனை முழு வில்லனாக ஆக்கினால் வீணாகிவிடுவான். மலைப்பாதையில் டயர் வெடித்து நிற்கிற லாரிக்கு எதிர்க்கம்பெனி டிரைவரும் நிறுத்தி ஜாக்கி கொடுப்பார், ஸ்டெப்னி கொடுப்பார். நாளைக்கு அவரே நிற்க வேண்டி வரும் என்று தெரியும். இந்த வழக்கத்தை அப்படியே விண்வெளிக்குக் கொண்டுபோங்கள். முதல் சந்திப்பில் லோடைப் பறிக்கட்டும். இரண்டாம் சந்திப்பில் குளிர்விப்பான் பம்பு போய் மிதந்துகொண்டிருக்கிறவர்களுக்கு உதிரி பம்பு கொடுத்துவிட்டுப் போகட்டும், காசு வாங்காமல். மூன்றாம் சந்திப்பில் அந்தக் கடனை நினைவுபடுத்தட்டும். “உன்ற வண்டிக்கு அந்த லோடு தாங்காது கண்ணு, சொல்லிப்போட்டேன்” என்று அவன் சொல்கிறபோது அது எச்சரிக்கையா மிரட்டலா என்று மேசையைச் சுற்றி வாக்குவாதம் வந்தால் நீங்கள் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

இரண்டாவது, கடன் கொடுத்தவர். கொங்கில் லாரி ஓடுவதே ஃபைனான்ஸில்தான், ஆகவே இந்த ஆளை எழுதுவதற்கு இந்த ஊர்க்காரர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. ஆர்.சி. புக்கில் ஹைப்பாதிகேஷன், அதாவது வண்டி கடனுக்கு ஈடு, என்று ஒரு பதிவு இருக்கும். கடன் தீர்ந்து, கொடுத்தவர் படிவம் 35-ல் கையெழுத்துப் போடும்வரை அது போகாது. கப்பலுக்கும் அதே மாதிரி பதிவு வையுங்கள்: எந்தத் துறைமுகத்தில் நின்றாலும் திரையில் ஃபைனான்ஸ்காரர் பெயர் தெரியும், கப்பலை விற்க முடியாது, வேறு எஞ்சின் மாட்ட முடியாது.

வட்டியையும் நம்ம வழக்கிலேயே பேசுங்கள். நூற்றுக்கு இரண்டு என்றால் மாதத்துக்கு இரண்டு, வருடத்துக்கு 24. பேங்க் தவணை போகத் தனியாரிடம் கைக்கடன் 1000 காசு என்று வைத்தால் மாதம் 20 காசு வட்டி. மேலே போட்ட கணக்கில் மாதம் ஒரு நடை ஓடினால் மிஞ்சுவதும் அதே 20. அசல் ஒருநாளும் குறையாது. கள்ள லோடு ஏற்றுவதற்கு வேறு காரணமே எழுத வேண்டாம், இது ஒன்று போதும். வட்டி மூன்றோ நான்கோ ஆனால் ஆட்டம் இரண்டே வாரத்தில் மூச்சுமுட்டிவிடும், ஆகவே இரண்டைத் தாண்டாதீர்கள். தமிழ்நாட்டில் 2003-லேயே கந்துவட்டிக்குத் தடைச்சட்டம் வந்துவிட்டது. உங்கள் விண்வெளியில் அப்படியொரு சட்டம் ஒரு கோளில் இருக்கிறது, பக்கத்துக் கோளில் இல்லை என்று வைத்தால் கடனை எங்கே வைத்து எழுதினார்கள் என்பதே ஒரு கதை.

வண்டியைத் தூக்க வருகிற சீசிங் ஆட்கள் துரத்த மாட்டார்கள். வண்டி எங்கே நிற்கும் என்று தெரிந்துகொண்டு அங்கே காத்திருப்பார்கள். பெட்ரோல் பங்க், டோல்கேட், பஞ்சர் கடை, லோடு இறக்குகிற குடோன், டிரைவர் வீடு: இந்த ஐந்தில் ஒன்றில் கண்டிப்பாக நின்றாக வேண்டும். கப்பலுக்கும் ஐந்து இடத்தைக் குறித்து வையுங்கள். எரிபொருள் நிலையம், பாய்ச்சல் வாயில், பழுதுபட்டறை, சரக்கு மேடை, கப்பல் ஊழியரில் ஒருவருடைய குடும்பம். எந்த இடத்தைத் தவிர்த்தார்கள், எதைத் தவிர்க்கவில்லை என்று ஆடுகிறபோதே குறித்துக்கொண்டு வாருங்கள். தொடர்ந்து மூன்று முறை போன இடத்தில் நாலாவது முறை ஆள் நிற்கட்டும். யாரும் ஏமாற்றப்பட்டதாக நினைக்க மாட்டார்கள், தங்களைத்தான் திட்டிக்கொள்வார்கள்.

இந்த ஆளின் பேச்சைப் பற்றி ஒன்று. கொங்குப் பேச்சில் மிரட்டல் மரியாதையோடு வரும், அதுதான் அதன் பயங்கரம். “கேப்டனுங்க, மூணு தவணை நின்னுபோச்சுங்களே. வண்டிய எங்க நிறுத்தியிருக்கீங்கன்னு கேக்கலீங்க, அது எங்களுக்குத் தெரியுமுங்க. சாப்பிட்டீங்களான்னுதான் கேட்டனுங்க.” இப்படி ஒரு அம்மிணி நிதானமாகப் பேசினால் பத்து பீரங்கிக்குச் சமம். அவர் பேச்சில் ‘ங்க’ உதிர்கிற நாளை நீங்கள் சேமித்து வையுங்கள். ஐந்தாறு வாரம் மரியாதையாகப் பேசியவர், “எறங்கு” என்று ஒரே சொல் சொல்கிறபோது ஆடுகிறவர்களுக்குப் புரிந்துவிடும்.

அதிகாரியை எழுதும்போது எல்லோரும் லஞ்சம் வாங்குகிறவரை எழுதுகிறார்கள். வாங்குகிறவர் எதிரி இல்லை, அவர் ஒரு செலவு. வாங்காதவரும் தனியாக வந்தால் அலுப்புத்தான். காகிதத்தைச் சரியாகப் படிக்கத் தெரிந்தவர்தான் ஆள். சரக்கு எடுத்துப்போக இணையத்தில் போடுகிற சீட்டு, நம்ம இ-வே பில், அந்த முறையைக் கொஞ்சம் பாருங்கள். மாநிலம் தாண்டுகிற சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் பில் வேண்டும், வண்டி எண்ணை அதில் ஏற்ற வேண்டும், 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று செல்லுபடியாகும். காலாவதி ஆவதற்கு முன் 8 மணி நேரத்திலோ ஆன பின் 8 மணி நேரத்திலோ நீட்டித்துக்கொள்ளலாம். ஒரே பில்லைக் காட்டி அந்தக் கெடுவுக்குள் இரண்டு நடை ஓட்டுவது பழைய தந்திரம். கெட்டிக்கார அதிகாரி லோடைத் திறந்து பார்க்க மாட்டார். பில் போட்ட நேரம், வண்டி ஏதாவது சாவடியைக் கடந்த நேரம், இரண்டையும் கழித்துப் பார்ப்பார். 190 கிலோமீட்டரைக் காலையில் கடந்த வண்டி, மாலையிலும் அதே பில்லில் ஏன் கடக்கிறது? உங்கள் விண்வெளிக் காகிதத்துக்கும் இப்படி ஒரு கெடு, ஒரு நீட்டிப்பு இடைவெளி, ஒரு ஓட்டை வையுங்கள். எஞ்சின் பழுதில் ஆறு மணி நேரம் வீணானால் பில் காலாவதி ஆகும் என்கிற பயம் ஏவுகணையைவிட நன்றாக வேலை செய்யும்.

பிடிபட்ட பிறகு என்ன ஆகும் என்பதில்தான் நல்ல கதை இருக்கிறது. நம்ம ஜி.எஸ்.டி. சட்டம் 129-ஆம் பிரிவில், வரியுள்ள சரக்குக்குச் சொந்தக்காரர் முன்வந்தால் வரியைப் போல இருமடங்கு அபராதம். முன்வராவிட்டால் சரக்கு மதிப்பில் பாதி அல்லது வரியின் இருமடங்கு, எது அதிகமோ அது. வண்டிக்காரர் வண்டியை மட்டும் மீட்க வேண்டுமானால் அந்த அபராதம் அல்லது ஒரு லட்சம், எது குறைவோ அதைக் கட்டலாம். இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். கள்ள லோடு என்றால் சொந்தக்காரன் முன்வரவே மாட்டான், “அந்தச் சரக்கு எங்களுது இல்லீங்க” என்று புரோக்கர் போனை வைத்துவிடுவார். அந்த நிமிடத்தில் நேற்றுவரை தோள்மேல் கை போட்டிருந்த புரோக்கர் எதிரியாகிறார், முறைக்கிற அதிகாரியோ வண்டியை மீட்டுத் தரக்கூடிய ஒரே ஆளாகிறார். கப்பலை மட்டும் மீட்டு லோடை விட்டுவிட்டால் லோடுக்காரன் சும்மா இருப்பானா? இந்த ஒரு முடிச்சிலேயே மூன்று ஞாயிறு ஓடும்.

சோதனைச்சாவடிக்குத் தாயக்கட்டை நன்றாகப் பொருந்தும், வீட்டிலும் கிடக்கும். 0, 1, 2, 3 என்று நாலு முகமுள்ள இரண்டு கட்டையை உருட்டினால் 16 வகையில் விழும். 3 விழுவதற்கு நாலு வகை, அதுதான் அதிகம்: கையாட்டி அனுப்பிவிடுகிறார்கள். 2 மூன்று வகையில் விழும்: காகிதம் மட்டும் பார்ப்பு. 4-க்கும் மூன்று: வரிசையில் அரை நாள் காத்திருப்பு. 5 இரண்டு வகை: அதே வரிசையில் முன்னால் போட்டியாளன் நிற்கிறான். தாயம் விழவும் இரண்டே வகை: முழுச் சோதனை, கையில் காசு வாங்காத ஆள். 6 ஒரே ஒரு வகை: சாவடியில் ஆளே இல்லை, ஏன் என்று தெரியவில்லை. 12, அதாவது இரண்டிலும் 0, அதுவும் ஒன்றுதான்: இவர்கள் கப்பலின் படம் சுவரில் ஒட்டியிருக்கிறது. சாதாரணம் அதிகமாகவும் விபரீதம் அபூர்வமாகவும் விழுவதால் பயம் தேயாமல் இருக்கும்.

இன்னொரு வகை எதிரிக்கு ஆளே கிடையாது, சட்டம் மாறுவதுதான் எதிரி. கோவை திருச்சி ரோட்டில் சுங்கம் என்று ஊர்ப்பெயரே இருக்கிறது. முதலாம் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பட்டம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் வாளையாரில் வணிகவரிச் சாவடி எடுக்கப்பட்டது. சுங்கம் போனால் சுங்கத்தை ஏய்த்துப் பிழைத்தவனுக்கு என்ன வேலை? ஒரு கோள் திடீரென்று வரியை நீக்கினால் உங்கள் ஆட்கள், அவர்களைத் துரத்திய அதிகாரி, துப்புச் சொன்ன போட்டியாளன் மூவரும் ஒரே நாளில் வேலையற்றுப் போவார்கள். ஆறு மாதம் ஆடிய பிறகு இதைச் செய்து பாருங்கள்.

கொள்ளைக்காரனுக்கு வருவோம். இங்கே இயற்பியல் தெரியாமல் எழுதினால் பிசகிவிடும். கப்பல் வெறும் எடை 200 டன், லோடு 300, எரிபொருள் 250 என்று வைப்போம். கிளம்பும்போது 750, எரிபொருள் தீர்ந்தால் 500, விகிதம் 1.5. அதன் இயல்மடக்கை (கால்குலேட்டரில் ln) 0.405. எஞ்சின் புகை நொடிக்கு 50 கிலோமீட்டரில் வெளியேறுகிறது என்றால், இரண்டையும் பெருக்கினால், கப்பல் மொத்தமாக மாற்றிக்கொள்ளக்கூடிய வேகம் நொடிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். லோடைத் தூக்கி எறிந்துவிட்டால் 450-க்கு 200, விகிதம் 2.25, கிடைப்பது 40. சரியாக இரட்டிப்பு. கொள்ளைக்காரன் எதிர்பார்ப்பதும் இதைத்தான்: பயத்தில் லோடை எறியட்டும், பொறுக்கிக்கொள்ளலாம்.

ஆனால் அவனுக்கும் கணக்கு உண்டு. அவன் கப்பல் 100 டன், எரிபொருள் 150, அதே எஞ்சின் என்றால் மொத்தம் 46 கிடைக்கும். பிடிக்க 20 செலவழித்தான் என்றால் அவனிடம் மீதி எரிபொருள் 68 டன்தான். திரும்பி வீடு சேர இன்னொரு 20 வேண்டும் என்றால் அவன் ஏற்றக்கூடிய சரக்கு 40 டன்னைத் தாண்டாது. 300 டன் அரிசியைக் கொள்ளையடிக்க ஒருத்தனும் வர மாட்டான். வருகிறான் என்றால் அரிசி மூட்டைக்கு நடுவில் வேறு ஏதோ 40 டன் இருக்கிறது, அது விமானிகளுக்கே தெரியாது. அல்லது அவனுக்குக் கப்பலே வேண்டும்.

ஏறிப் பறிக்க வேண்டுமென்றால் வேகத்தைச் சமமாக்கியாக வேண்டும். மலையேறும் லாரி மெதுவாகப் போகும் இடத்தில்தான் தார்ப்பாயை அறுப்பார்கள், சமவெளியில் எண்பதில் போகிற வண்டியில் யாரும் தாவுவதில்லை. விண்வெளியின் ஏற்றம் எது என்றால் கப்பல் வேகம் குறைத்துத் துறைக்குள் நுழைகிற கடைசி நேரம். கொள்ளை அங்கேதான் நடக்கும், நட்டநடு வெளியில் நடக்காது. நொடிக்கு 10 கிலோமீட்டர் வித்தியாசத்தில் குறுக்கே போகிறவனால் அழிக்க முடியும், எடுக்க முடியாது. அந்த வேகத்தில் ஒரு கிலோ இரும்பு மோதினால் 12 கிலோ டி.என்.டி. வெடித்ததற்குச் சமம். ஆகவே அப்படிக் கடக்கிறவன் பணத்துக்காக வரவில்லை, பழிக்காக வருகிறான். ஆடுகிறவர்கள் எதிரியின் வேகத்தை வைத்தே அவன் நோக்கத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டால் ஆட்டம் வேறு தரத்துக்குப் போகும்.

ஒளிவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனிதர் வாழும் சூட்டில் இருக்கிற கப்பலின் ஒவ்வொரு சதுர மீட்டரும் சுமார் 460 வாட் வெப்பத்தை வெளியே வீசுகிறது. பின்னணி வானமோ முழுச்சுழியத்துக்கு மேல் மூன்று டிகிரிகூட இல்லை. எஞ்சினை அணைத்தாலும் தெரியும். ஆகவே மறைவது என்றால் கூட்டத்தில் கலப்பது: ராத்திரி அவிநாசி ரோட்டில் ஹெட்லைட் போட்டுப் போகிற ஐம்பது லாரியில் எது என்று தெரியாமல் இருப்பது. பொய் அடையாள ஒலிபரப்பு, வேறு கப்பலின் பதிவெண், பழக்கமான ரூட்டில் பழக்கமான நேரம். இதனால் எதிரிக்குத் தேவை பெரிய ராடார் இல்லை, கூட்டத்தில் இவர்களை அடையாளம் காட்டுகிற ஒரு வாய். அந்த வாய் யாருடையது என்பதை எதிரியின் அட்டையில் எப்போதும் எழுதி வையுங்கள்.

கொள்ளையும் சட்டமும் கலந்த ஆள் ஒருவர் கட்டாயம் வேண்டும். 1856 பாரிஸ் பிரகடனம் ஒழிக்கும்வரை ஐரோப்பிய அரசுகள் தனியார் கப்பலுக்கு உரிமம் கொடுத்து எதிரிநாட்டுச் சரக்கைப் பிடிக்கவிட்டன. கேப்டன் கிட் அப்படி உரிமத்தோடு வந்தவர்தான். 1698 ஜனவரியில் கொச்சிக் கடலில், அதாவது பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம், ஒரு சரக்குக் கப்பலைப் பிடித்தார். அதில் பிரெஞ்சு அனுமதிச் சீட்டு இருந்தது, ஆகவே பிடித்தது சரி என்பது அவர் வாதம். விசாரணையில் அந்தச் சீட்டு காணாமல் போனது, 1701-ல் லண்டனில் தூக்கிலிட்டார்கள். சீட்டு இருபதாம் நூற்றாண்டில் ஆவணக் குவியலில் அகப்பட்டது. உங்கள் உரிமக்காரனும் இப்படித்தான் பயந்து சாகட்டும். இவர்களிடம் இருக்கிற ஒரு காகிதம் அவனைக் காப்பாற்றும் அல்லது தூக்கில் போடும் என்றால் அவன் சுடவே மாட்டான், கெஞ்சுவான்.

பக்கத்திலேயே இன்னும் பழைய உதாரணம்: சேரமான் கொடுத்த பொன்னோடு வந்த சுந்தரரைத் திருமுருகன்பூண்டியில் வேடர் மறித்துப் பறித்தார்கள் என்பது தலபுராணம். பறித்தவர்கள் சிவனுடைய பூதகணங்கள். பறித்தவனும் காக்க வேண்டியவனும் ஒரே ஆள் என்கிற இந்தத் திருப்பத்தைப் பாதுகாப்புக் கட்டணம் வாங்குகிற படைக்குப் பயன்படுத்தலாம்.

பகையே இல்லாத எதிரியும் உண்டு. 27 கொண்டை ஊசி வளைவுள்ள திம்பம் பாதையில், ஆசனூர், காரப்பள்ளம் பக்கம் யானைகள் கரும்பு லாரியை மறித்துக் கட்டுக்கட்டாக இழுத்துத் தின்னும். ஓட்டுநர்கள் தாங்களே கரும்பை எறிந்து பழக்கியதில் வந்த வினை. யானைக்குச் சட்டமும் தெரியாது, லஞ்சமும் பிடிக்காது, அதைச் சுட்டால் வனத்துறை வரும். கப்பல் கழிவு வெப்பத்துக்குக் கூடுகிற ஏதோ ஒரு விண்ணுயிர்க் கூட்டத்தை வைத்து, முன்னே போன விமானிகள்தான் அதைப் பழக்கிவிட்டார்கள் என்று எழுதினால் போதும்.

மேசையில் நடத்துகிற விதம். மூன்று பேருக்கு நிலையான எதிரிகள் ஐவர் போதும், ஒரு ஞாயிறுக்கு இருவருக்கு மேல் இறக்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை: எது வேண்டும், யார் துப்புச் சொல்கிறார், எவ்வளவு தூரம் வரமுடியும், என்ன கிடைத்தால் விடுவார். கீழே ஆறு கட்டம். இவர்கள் எதிரியின் பிழைப்பில் கை வைக்கிற ஒவ்வொரு முறையும் ஒரு கட்டத்தை நிரப்புங்கள். இரண்டில் செய்தி வரும், நாலில் யாரோ தெரிந்தவர் விலகிப்போவார், ஆறில் ஆள் நேரில் வருவார். இந்த இரண்டு அறிகுறியையும் தராமல் ஆளை இறக்கினால்தான் “எப்படிடா கண்டுபிடிச்சான்?” என்று சண்டை வரும்.

எதிரி சீக்கிரம் செத்துப்போகிற தொல்லைக்கு ஒளியின் வேகம் உதவும். நிலவுக்குச் செய்தி போக 1.3 நொடி, செவ்வாய்க்கு இருக்கிற இடத்தைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடம். பெரிய ஆட்களைப் பத்து நிமிடத் தூரத்திலேயே வையுங்கள். அவர்கள் ஒலிப்பதிவு அனுப்புவார்கள், இவர்கள் பதில் அனுப்புவார்கள், குறுக்கே பேச முடியாது. துப்பாக்கிக்கு எட்டாத ஆள் மாதக்கணக்கில் உயிரோடு இருப்பார்.

இந்த ஞாயிறே தொடங்க வேண்டுமானால் புது ஆள் யாரையும் எழுத வேண்டாம். ஆறு வாரத்தில் சுட்டுக் கொன்றவர்களில் ஒருவனுடைய கப்பல் மேல் கடன் பாக்கி இருந்தது என்று வையுங்கள். அந்த ஃபைனான்ஸ் அம்மிணி, “என்ற வண்டி எரிஞ்சுபோச்சுங்களாமே, தவணைய இனி யாருங்க கட்டறது?” என்று ஒரு செய்தி அனுப்பட்டும்.